பறங்கிப்புண் முதல் நம்பிக்கை மையம் வரை: பால்வினை நோய்ப் பரிசோதனையின் வரலாறு நமக்குச் சொல்வது



பேசத் தயங்கும் ஒரு பொருளைப் பற்றி இன்று எழுதுகிறோம். உடலுறவின் வழியே பரவும் நோய்களும், அவற்றைக் கண்டறியச் செய்யும் இரத்தப் பரிசோதனையுமே அந்தப் பொருள். மார்க்கக் கல்வி இத்தகைய செய்திகளை ஒருபோதும் ஒதுக்கியதில்லை. மதரஸாவில் முதலாண்டு மாணவனுக்கே தூய்மை, மாதவிடாய், பேறுகாலத் தீட்டு, கடமையான குளிப்பு ஆகிய பாடங்களைக் கற்பிக்கிறோம். அன்ஸாரிப் பெண்களின் வெட்கம், மார்க்கத்தைக் கேட்டறிவதற்குத் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை நாம் அறிவோம். வெட்கம் ஈமானின் கிளைதான். எனினும் அறியாமையால் ஒரு குடும்பம் அழிவதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருப்பதற்கு வெட்கம் என்று பெயரில்லை.

நம் கடற்கரைக்கு இந்தப் பரிசோதனை புதியதும் அன்று. தனுஷ்கோடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் அக்காலத்தில் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, தொற்றுநோய் உண்டா என்று பார்க்கப்பட்ட பின்னரே கப்பல் ஏறினார்கள். இன்று கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் சபராளி இல்லாத வீடு அரிது. வளைகுடா நாட்டுக்கு விசா பெறும் ஒவ்வோர் இளைஞனும் மருத்துவப் பரிசோதனைக்குக் கை நீட்டுகிறான். அவனிடமிருந்து எடுத்த இரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் எனும் மேகநோய் ஆகியவை தேடப்படுகின்றன. அங்குப் போய் இறங்கிய பின்னும் தங்கும் அனுமதிக்காக மீண்டும் ஒருமுறை சோதிக்கிறார்கள்.

ஆக, நம் மஹல்லாக்களில் ஆயிரக்கணக்கான ஆண்கள் இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொண்டவர்களே. விசாவுக்காகத் தயங்காமல் கொடுத்த அந்த இரண்டு சொட்டு இரத்தத்தை மணமுடிக்கப் போகும் பெண்ணுக்காகவோ, வீட்டில் காத்திருக்கும் மனைவிக்காகவோ கொடுக்க ஏன் தயங்குகிறோம்? இக்கேள்விக்கு விடை தேடினால் ஐந்நூறு ஆண்டு வரலாற்றுக்குள் செல்ல வேண்டியிருக்கிறது.

அயலான் பெயர் சூட்டப்பட்ட நோய்

1490களின் நடுவில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் போரிட்ட படைகளுக்கிடையே மேகநோய் பெருந்தொற்றாக வெடித்தது. அதன்பின் ஐரோப்பா எங்கும் அது பரவியது. ஒவ்வொரு நாட்டாரும் அதற்குத் தம் எதிரியின் பெயரைச் சூட்டினார்கள். இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். துருக்கியில் அதன் பெயர் இன்றும் ‘ஃபிரெங்கி’. வாஸ்கோடகாமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய பின் இந்தியாவிலும் நோய் காலூன்றியது. 16ஆம் நூற்றாண்டின் வடமொழி மருத்துவ நூலான பாவப்பிரகாசம் அதை ‘பிரங்க ரோகம்’ என்று குறித்தது. தமிழர் அதைப் பறங்கிப்புண் என்றனர். அதற்கு மருந்தாகக் கொடுத்த கிழங்குக்குப் பறங்கிப்பட்டை என்று பெயர் வந்தது. நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் அந்தப் பெயரில்தான் அது கிடைக்கிறது.

பறங்கியரை நம் கரை நன்கறியும். 1538இல் வேதாளைக் கடலில் மரக்காயர்களின் கப்பற்படை போர்த்துக்கீசியரோடு மோதித் தோல்வியுற்றது. உயிரையும் வணிகத்தையும் பறித்தவன் பெயரால் ஒரு நோய் அழைக்கப்பட்டபோது, அது நமக்கு உரியது அன்று, அயலான் செய்த பாவத்தின் அடையாளம் என்னும் எண்ணமும் கூடவே குடியேறியது. நோய் அயலானுடையதாகிவிட்டால் நம்மில் ஒருவர் அதைப் பெறும்போது அவரும் அயலாராகிவிடுகிறார். பெயர்கள் மாறிவிட்டன, இந்த எண்ணம் மட்டும் மாறவில்லை.

பெண்ணை மட்டும் சோதித்த சட்டம்

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படைவீரர்களிடையே மேகநோய் பெருகியது. அரசு அதற்குக் கண்ட வழி விசித்திரமானது. 1868இல் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. பொதுமகளிர் என்று கருதப்பட்ட பெண்கள் காவல்துறையிடம் பெயர் பதிய வேண்டும். குறித்த நாளில் மருத்துவச் சோதனைக்கு வர வேண்டும். நோய் தென்பட்டால் ‘லாக் ஆஸ்பத்திரி’ எனப்பட்ட அடைப்பு மருத்துவமனையில் குணமாகும்வரை தடுத்து வைக்கப்படுவார்கள். சென்னை மாகாணத்திலும் இத்தகைய மருத்துவமனைகள் இருந்தன. அவர்களிடம் சென்ற ஆண்களை அந்தச் சட்டம் தொடவே இல்லை.

விளைவு என்ன? பெண்கள் பதிவுக்கு வராமல் ஒளிந்தார்கள். சோதனை என்றாலே சிறை என்று ஆனபின் யார்தான் தாமாக வருவார்கள்? நோய் குறையவில்லை. இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லர் என்னும் பெண்மணியின் தலைமையில் நீண்ட போராட்டம் நடந்து, அங்கிருந்த சட்டம் 1886இலும் இந்தியச் சட்டம் 1888இலும் நீக்கப்பட்டன. நோயை ஒருதரப்பின் உடலில் மட்டும் தேடுவது நீதியும் ஆகாது, மருத்துவமும் ஆகாது என்பதற்கு அந்த இருபது ஆண்டுகளே சான்று.

இரத்தம் பேசத் தொடங்கியது

அதுவரை மருத்துவர் கண்ணால் கண்ட புண்ணை வைத்தே நோயைச் சொன்னார். மேகநோயின் வஞ்சகமே அங்குத்தான் இருக்கிறது. முதலில் தோன்றும் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. சில வாரங்களில் மருந்தின்றியே ஆறிவிடும். குணமாகிவிட்டது என்று அவர் நம்புவார். கிருமியோ உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். கருவுற்ற தாய்க்கு அது இருந்தால் கரு சிதையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம், பிறந்த குழந்தை நோயோடு வளரலாம்.

1905இல் ஜெர்மனியில் ஷௌடின், ஹாஃப்மன் என்னும் இருவர் மேகநோய்க் கிருமியை நுண்ணோக்கியில் கண்டார்கள். அதே 1905இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் வேறொரு பால்வினைப் புண்ணின் கிருமியைக் கண்டறிந்தார். அந்நோய் இன்றும் அவர் பெயரால் டோனவனோசிஸ் எனப்படுகிறது. 1906இல் வாஸர்மன் மேகநோய்க்கான இரத்தப் பரிசோதனையை உருவாக்கினார். கிருமி உள்ளே நுழையும்போது உடல் அதை எதிர்க்கச் சில பொருள்களைச் சுரக்கிறது. அந்த எதிர்ப்பின் அடையாளத்தை இரத்தத்தில் தேடுவதே இம்முறை. புண் ஆறிப்போனாலும் இரத்தம் உண்மையைச் சொல்லிவிடும். 1910இல் ஸல்வர்ஸான் மருந்து வந்தது. 1943இல் பென்சிலின் மேகநோயைக் குணப்படுத்தும் என்று நிறுவப்பட்டது. இன்றும் அதே பென்சிலின் ஊசிதான் முதல் மருந்து.

சென்னையில் இத்துறை சிறந்து வளர்ந்தது. மருத்துவர் ஆர்.வி. ராஜம் தலைமையில் பால்வினை நோய்ப் பிரிவு நாடறிந்த கல்விக்கூடம் ஆயிற்று. அவரும் ரங்கையாவும் டோனவனோசிஸ் பற்றி எழுதிய நூலை 1954இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. மருந்தும் பரிசோதனையும் நம் மாநிலத் தலைநகரிலேயே இருந்தன. மக்கள் வருவதற்குத் தடையாக நின்றது வெட்கம் ஒன்றே.

1986: ஆறு குழாய்கள்

1985இல் எச்ஐவிக்கான இரத்தப் பரிசோதனை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மேலைநாட்டாரின் ஒழுக்கக்கேட்டால் வரும் நோய், நம் நாட்டுக்கு வராது என்று இங்கே பலர் உறுதியாக நம்பினார்கள். பறங்கிப்புண் காலத்துப் பேச்சு மீண்டும் எழுந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதையே ஆய்வுக்கு எடுக்கச் சொன்னார். சிற்றூர்க் குடும்பத்தில் பிறந்த நிர்மலாவுக்கு முதலில் தயக்கம். அவருடைய கணவர்தான் ஊக்கமளித்தார். சென்னையில் பொதுமகளிரைக் காப்பில் வைத்திருந்த இல்லத்திலும் மருத்துவமனையிலும் 80 பெண்களின் இரத்தத்தை நிர்மலா சேகரித்தார். மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். 1986 பிப்ரவரியில் பனிக்கட்டிப் பெட்டியோடு கணவரும் மனைவியும் காட்பாடிக்கு இரவு இரயில் ஏறினார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மீண்டும் சோதித்தார்கள், அமெரிக்காவுக்கு அனுப்பியும் உறுதி செய்தார்கள். அவ்வாண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். இந்தியாவில் எச்ஐவி இருப்பதை உலகுக்குச் சொன்னது தமிழ்நாட்டின் இரத்தப் பரிசோதனைதான்.

இந்த வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அதன் பின்னர், எச்ஐவி இருப்பதாகக் கண்ட பெண்கள் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பு இல்லத்திலிருந்து விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 1990இல் அப்பெண்கள் விடுதலை பெற்றார்கள். 1868இன் அடைப்பு மருத்துவமனை நூறாண்டுக்குப் பின் வேறு பெயரில் திரும்பி வந்திருந்தது. பேராசிரியர் சுனிதி சாலமன் 1993இல் ஒய்ஆர்ஜி கேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ஆலோசனையையும் சிகிச்சையையும் பரிசோதனையோடு இணைத்தார். 2015இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார்.

இரகசியமா, எச்சரிக்கையா?

இன்னொரு வழக்கு நம் சமுதாயம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது. 1990களில் ஒருவர் உறவினரின் அறுவை சிகிச்சைக்காகச் சென்னையில் இரத்தம் கொடுக்க முன்வந்தார். சோதனையில் அவருக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணம் நின்றது. ஊரும் அவரை ஒதுக்கியது. மருத்துவமனை தம் இரகசியத்தை வெளியிட்டுவிட்டதாக அவர் வழக்காடினார். 1998இல் உச்ச நீதிமன்றம், நோயாளியின் இரகசியம் மதிக்கத்தக்கதே, ஆயினும் மணமகளாக வரவிருந்த பெண்ணின் உயிர்வாழும் உரிமை அதற்கு மேற்பட்டது என்று தீர்ப்பளித்தது. இத்தகையோரின் மணவுரிமையைப் பற்றி அத்தீர்ப்பில் கூறியவை தேவையற்றவை என்று 2002இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இவ்விரண்டையும் இணைத்து வைத்திருக்கிறது. ஒருவரின் சம்மதமின்றி எச்ஐவி சோதனை செய்யலாகாது, முடிவை வெளியிடலாகாது, வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ ஒதுக்கலாகாது. அதே சட்டம், நோயுள்ளவர் அது பிறருக்குப் பரவாமல் காக்கும் கடமையையும் விதிக்கிறது.

மார்க்கம் வகுத்த எல்லை

இந்த இரு கடமைகளும் நமக்குப் புதியவை அல்ல. பிற முஸ்லிமின் குறையை மறைப்பது நபி (ஸல்) அவர்கள் கற்பித்த பண்பு. எவருக்கும் தீங்கிழைக்கலாகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதை அறிஞர்கள் முன்பே ஆராய்ந்தார்கள். நம் கரையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில், தொழுநோய் போன்ற குறைகளைச் சொல்லாமல் நிகாஹ் முடித்திருந்தால், மற்றவருக்கு அம்மணத்தை முறிக்கும் உரிமை உண்டு என்பதைப் படிக்கிறோம். ஆகவே நோயாளியின் இரகசியத்தை ஊராரிடமிருந்து மறைப்பது நற்செயல். மணமுடிக்கப் போகிறவரிடமிருந்து அவரே அதை ஒளிப்பது மோசடி.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்றபோது வழியில் ஸர்க் என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கிடைத்தது. தோழர்களோடு கலந்து திரும்பிவிட முடிவு செய்தார்கள். அது இறைவிதியிலிருந்து ஓடுவதாகாது என்று அவர்கள் விளக்கியதும் நாம் அறிந்ததே. நிலைமையை அறிந்து அதற்கேற்ப நடப்பது தவக்குலுக்கு முரணானது அன்று. பரிசோதனையும் அத்தகைய அறிதல்தான்.

1995இல் அபூதாபியில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, எச்ஐவி உள்ளவரை ஒதுக்கிவைப்பது மார்க்கக் கடமையன்று என்றும், அறிந்தே பிறருக்குப் பரப்புவது ஹராம் என்றும், துணைவருக்கு மணவிலக்குக் கோரும் உரிமை உண்டு என்றும் தெளிவுபடுத்தியது. உகாண்டாவில் இஸ்லாமிய மருத்துவர் சங்கம் 1992 முதல் இமாம்களுக்குப் பயிற்சியளித்து, மஹல்லாதோறும் குடும்பங்களுக்கு இந்நோயைப் பற்றிக் கற்பிக்கச் செய்தது. மிம்பரின் மதிப்பு அதனால் குறையவில்லை.

இன்னொன்றையும் மறக்கலாகாது. நோய் இருப்பது பாவத்துக்குச் சான்றாகாது. கணவனிடமிருந்து மனைவிக்கும், தாயிடமிருந்து சேய்க்கும், சுத்தம் செய்யாத ஊசியாலும், சோதிக்காத இரத்தத்தாலும் இவை வருகின்றன. ஒழுக்கத்தோடு வாழ்ந்த பெண் தன் வீட்டுக்குள்ளேயே நோய் பெற்று, வைத்தியத்துக்குப் போனால் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி ஒடுங்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். பாவம் செய்தவருக்குங்கூட அல்லாஹ்விடம் தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. அதைச் சாத்த நமக்கு உரிமையில்லை.

நாம் செய்யக் கூடியவை

நிகாஹுக்கு முன் மருத்துவச் சான்று கட்டாயம் என்று ஜமாஅத் விதிக்க வேண்டும் எனச் சிலர் கூறுகிறார்கள். சவூதி அரேபியாவில் 2004 முதல் மணத்துக்கு முந்திய பரிசோதனை கட்டாயம். 2008இல் எச்ஐவியும் ஹெபடைடிஸும் அதில் சேர்க்கப்பட்டன. அவர்களின் அக்கறையை மதிக்கிறோம். ஆனால் அங்கு அதைச் செய்வது அரசின் மருத்துவத் துறை. இங்கே பள்ளிவாசல் அலுவலக மேசையில் ஒரு பெண்ணின் இரத்தச் சான்று கிடந்தால், அஸருக்குள் அது தெருவெல்லாம் பரவிவிடும். மேலே கண்ட வரலாறு முழுவதும் சொல்வது, அச்சம் வந்த இடத்தில் நோய் ஒளிந்துகொண்டது என்பதே. எனவே ஜமாஅத் சான்று கேட்க வேண்டாம்; ஆலோசனை சொல்லட்டும். இரு வீட்டாரும் மனமொப்பி, மணமகன் மணமகள் இருவருமே சோதித்துக்கொள்ளட்டும். பெண்ணை மட்டும் சோதிப்பது 1868ஆம் ஆண்டு அநீதியை நம் வீட்டுக்குள் கொண்டுவருவதாகும். முடிவு அவ்விருவரின் அமானிதம். ஏதேனும் காரணத்தால் சம்பந்தம் நின்றால், காரணத்தைக் கேட்கும் உரிமை ஊருக்கு இல்லை.

அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். முதலில் ஆலோசகர் தனியே பேசுவார், சம்மதம் கேட்பார், பிறகே இரத்தம் எடுப்பார்கள், முடிவைச் சோதித்துக்கொண்டவரிடமே தருவார்கள். தொற்று ஏற்பட்ட உடனே செய்யும் சோதனையில் அது தெரியாமல் போகலாம். ஆகவே மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்கச் சொன்னால் அதைத் தவிர்க்காதீர்கள். மேகநோய், வெட்டைநோய் போன்றவற்றை மருந்தால் முற்றிலும் குணப்படுத்தலாம். ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. எச்ஐவிக்கான கூட்டு மருந்து 2004 ஏப்ரல் முதல் அரசு மையங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. அதை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவால் துணைவருக்கு அது பரவுவதில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம். நேரில் செல்லக் கூச்சப்படுவோர் 1097 என்னும் கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

ஆகவே மணம் முடிக்கும் முன்பும், நெடுங்காலப் பிரிவுக்குப் பின் அச்சத்துக்கு இடமிருக்கும்போதும், கருவுற்ற முதல் மாதங்களிலும் இந்தப் பரிசோதனையைக் குடும்ப வழக்கம் ஆக்கிக்கொள்வோம். கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர் இரத்தம் எடுக்கச் சொன்னால், ‘எங்கள் குடும்பத்தில் அதெல்லாம் கிடையாது’ என்று மாமியார்கள் தடுக்க வேண்டாம். சபரிலிருந்து வந்த பிள்ளை தானாக மருத்துவமனைக்குப் போகிறான் என்றால், எதற்கு என்று தந்தை துருவ வேண்டாம். அவன் ஓர் உயிரைக் காக்கப் புறப்பட்டிருக்கிறான். முடிவு எதுவாயினும் அதோடு வீட்டுக்குள் வருபவருக்கு இடம் இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களைத் தீராத நோய்களிலிருந்து காப்பானாக! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், அவர்களைச் சூழ்ந்திருப்போருக்கு நாவடக்கத்தையும் கருணையையும் தருவானாக! ஆமீன்.